பெங்களூரிலிருந்து ஜெர்மனிக்கு முதல் முறை: விமானமும் முதல் நாளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு அல்சூரில். மூன்று தலைமுறையாக எங்களுக்குத் தெரிந்த தூரப் பயணம் திருப்பத்தூர்தான். காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். 2014-இல் அலுவலகம் என்னை மூன்று மாதத்துக்குப் பிராங்க்பர்ட் அனுப்பியபோது, எதை எடுத்துப்போவது, இறங்கியதும் என்ன செய்வது என்று சொல்ல வீட்டிலும் ஆள் இல்லை, தெருவிலும் ஆள் இல்லை. அதன்பிறகு பல தடவை போய்வந்துவிட்டேன். இப்போது சித்தி மகன் மேல்படிப்புக்குப் போகிறான், பக்கத்து வீட்டுப் பெண் ஆன்சைட் போகிறாள், நண்பரின் அப்பா அம்மா பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறார்கள். எல்லோரும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். வாட்ஸ்அப்பில் பேசிப் பேசித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறங்குகிற அன்று மூளை பாதிதான் ஓடும். அதனால் எந்த ரயில், எங்கே சாப்பாடு, எந்த கார்டு என்று அன்றைக்கு எடுக்கவேண்டிய முடிவுகளை எல்லாம் பெங்களூரிலேயே எடுத்துவிட்டுப் போங்கள்.

டிக்கெட்டில் 15-ஆம் தேதி அதிகாலை 2.50 என்று இருக்கிறது. எந்த ராத்திரி வீட்டிலிருந்து கிளம்புவது?

14-ஆம் தேதி ராத்திரி. சிரிக்காதீர்கள், எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் 15-ஆம் தேதி ராத்திரி குடும்பத்தோடு இரண்டு வண்டியில் போய் இறங்கினார். விமானம் அன்று அதிகாலையே போய்விட்டது என்று கவுன்டரில்தான் அவருக்குத் தெரிந்தது. ஐரோப்பா விமானங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. இந்தத் தேதிக் குழப்பத்துக்குப் படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே கிடையாது. டிக்கெட் வந்த அன்றே காலண்டரில் 14-ஆம் தேதிக் கட்டத்தில் ‘இரவு 10, வண்டி’ என்று எழுதிவிடுங்கள்.

விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்கவேண்டும். விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி, பெங்களூரின் நடுவிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். இரவு பத்துக்கு மேல் ஹெப்பாள் அவ்வளவாக மல்லுக்கட்டாது, ஆனால் மழை பெய்தால் சொல்ல முடியாது. ஓட்டுநரிடம் இரண்டாம் டெர்மினல் என்று சொல்லுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் அங்கிருந்துதான். தனி ஆளாகப் போகிறவர்களுக்கு பிஎம்டிசி வாயு வஜ்ரா பேருந்தே போதும், பெட்டி வைக்க உள்ளே இடம் உண்டு. வழியனுப்ப வருகிற கூட்டம் வாசலோடு நின்றுவிடவேண்டியதுதான். 2008 மே வரை விமான நிலையம் பழைய எச்ஏஎல்லில் இருந்தது. அப்போது அல்சூர்க்காரர்கள் ஆட்டோவில் போய்க் கையசைத்துவிட்டு, அரை மணியில் வீடு திரும்பித் தூங்கியிருக்கிறோம். இப்போது அந்தச் சொகுசு இல்லை.

இன்னொன்று. வயதானவர்கள் இமிக்ரேஷன் வரிசைக்கு முன்னால் நின்று ஒரு படிவத்தைத் தேடுவார்கள். இந்தியர்கள் புறப்படும்போது நிரப்பும் அந்தப் படிவத்தை 2017 ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள்.

அம்மா ஊறுகாய், பருப்புப் பொடி, நெய், கறிவேப்பிலை, பால்கோவா எல்லாம் கட்டி வைத்திருக்கிறார். கொண்டு போகலாமா?

பாதி போகும். இங்கே இரண்டு வேலிகளைத் தாண்டவேண்டும். ஒன்று விமானப் பாதுகாப்பு, இன்னொன்று ஐரோப்பிய எல்லை. நம் ஆட்கள் முதலாவதைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறார்கள்.

பாதுகாப்பு விஷயம் எளிது. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது. ஊறுகாய், சட்னி, புளிக்காய்ச்சல் எல்லாம் அவர்கள் கணக்கில் திரவம்தான். ‘கெட்டியாக இருக்கிறதே சார்’ என்று வாதாடிப் பயனில்லை. அதெல்லாம் பெரிய பெட்டிக்குள், இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள், துணிகளுக்கு நடுவில். கொப்பரைத் தேங்காய் மட்டும் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று அதைத் தடை செய்திருக்கிறார்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: கைப்பையில்தான் இருக்கவேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது.

ஐரோப்பிய எல்லைதான் ஆச்சரியம் தரும். வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, பன்னீர் மூன்றும் அதில் விழுந்துவிடும். காய்கறி, பழம், இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அதனால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விலக்கு ஐந்தே ஐந்துக்குத்தான்: வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன். ஆக முழுத் தேங்காயை விடுவார்கள், கறிவேப்பிலையை விடமாட்டார்கள். இதைவிட வேடிக்கை, மீன் பொருட்களுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. நெய்க்குக் கதவு சாத்தியாயிற்று, கருவாட்டுக்குத் திறந்திருக்கிறது. எடுத்துப்போவதும் போகாததும் உங்கள் விருப்பம். கூடவே போகும் சட்டைகளின் கதியையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, அப்பளம், எண்ணெயில் போட்ட ஊறுகாய், முறுக்கு இவற்றால் எனக்கு ஒரு தடவைகூடத் தொல்லை வந்ததில்லை. பொட்டலத்தின் மேல் என்ன பொருள் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பெயரில்லாத பழுப்புப் பொடியைப் பார்த்தால் எந்த ஊர் சுங்க அதிகாரிக்கும் கை துறுதுறுக்கும்.

கைப்பையில் எது இருந்தே ஆகவேண்டும்?

பாஸ்போர்ட், விசா, காப்பீட்டுத் தாள், அழைப்புக் கடிதம் அல்லது ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட். எல்லாம் தாளில் அச்சிட்டு. தங்கும் முகவரியைக் கொட்டை எழுத்தில் தனித்தாளில் எழுதி வையுங்கள். போன் செத்துப்போனால் டாக்சிக்காரரிடம் அதை நீட்டினால் போதும். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு வையுங்கள். ஒரு செட் உடுப்பு, ஒரு கம்பளிச் சட்டை, ஒரு பேனா. அவ்வளவுதான். மற்றதெல்லாம் தொலைந்தாலும் ஒரு வாரம் ஓட்டிவிடலாம்.

சைவச் சாப்பாடு விமானத்தில் கிடைக்குமா? ‘இந்து மீல்’ என்று பதிவு செய்துவிட்டேன்.

உடனே மாற்றுங்கள். ‘இந்து மீல்’ சைவம் இல்லை. மாட்டிறைச்சி இருக்காது என்பதுதான் அதன் பொருள், கோழியோ ஆடோ மீனோ வரலாம். நமக்கு வேண்டியது ‘ஏசியன் வெஜிடேரியன்’, விமானக்காரர்களின் சுருக்கெழுத்தில் ஏவிஎம்எல். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் பதிவு செய்துவிடவேண்டும். இந்தத் தட்டு மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்துவிடும். சாப்பிட்டு முடித்து, எல்லோரும் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு காலித் தட்டோடு உட்கார்ந்திருப்பீர்கள். முட்டை விஷயத்தில் கறாராக இருப்பவர்கள் வீட்டிலிருந்து நாலு சப்பாத்தி எடுத்துப்போவது நல்லது. புளியோதரைப் பொட்டலத்தைப் பாதுகாப்புச் சோதனையில் யாரும் தடுத்ததில்லை. வாசனையில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவே. மிச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கவேண்டாம்.

பத்து மணி நேரம் உட்கார்ந்தே இருந்தால் உடம்புக்கு என்ன ஆகும்?

பெங்களூரிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேர் விமானத்தில் சுமார் பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரமும் நீங்கள் ஊட்டியில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள். ஊட்டி சுமார் 7,350 அடி, நம் பெங்களூரே 3,000 அடி. ஆனால் ஊட்டியின் ஈரம் உள்ளே இருக்காது. காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், கோடைக்கால ராயலசீமை மாதிரி. மூக்கு காய்கிறது, உதடு வெடிக்கிறது, தாகம் எடுக்கிறது என்றால் காரணம் அதுதான். தண்ணீர் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். பாத்ரூமுக்கு அடிக்கடி எழுந்திருக்கவேண்டுமே என்று கூச்சப்பட்டு நம் பெண்கள் பலர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். எழுந்து நடப்பது நல்லதுதான், அதற்காகவே நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள்.

கால் வீங்கும், செருப்பு இறுகும். இதற்குப் பயப்படவேண்டாம். ஆனால் மணிக்கணக்கில் மடக்கி வைத்த காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து சிலருக்கு உண்டு. சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிடவேண்டும். மற்றவர்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாலே போதும், தையல் மெஷின் மிதிப்பது போல.

இறங்கும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கவேண்டும், அதற்கு வாயில் ஏதாவது இருக்கவேண்டும். நான் கமர்கட்டு எடுத்துப்போவேன். பிராங்க்பர்ட் வானத்தில் இருபது நிமிடம் கரையாமல் நிற்கிற மிட்டாய் வேறு இல்லை. கைக்குழந்தைக்கு அந்த நேரம் பார்த்துப் பால் கொடுங்கள். சளி பிடித்திருந்தால் வலி அதிகமாக இருக்கும்.

அப்பா அம்மா இருவர் மட்டும் போகிறார்கள். இங்கிலீஷும் சரியாக வராது.

டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள்; கட்டணம் கிடையாது. ‘நான் என்ன நொண்டியா?’ என்று அப்பா முறுக்கிக்கொள்வார். நடக்க முடியும் என்பது விஷயமில்லை. நாற்காலியைத் தள்ளுகிறவர் இமிக்ரேஷன், பெட்டி வரும் பெல்ட், வாசல் வரை கூடவே வருவார் என்பதுதான் விஷயம். வழி தெரியாத இடத்தில் அதைவிடப் பெரிய துணை என்ன இருக்கிறது? என் நண்பரின் அப்பா மூன்று நாள் மறுத்தார். போய்வந்த பிறகு தெருவில் எல்லோருக்கும் அதைத்தான் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறார்.

ஜெர்மனி இமிக்ரேஷனில் என்ன கேட்பார்கள்?

எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள். மூன்று கேள்வி, மூன்று சின்னப் பதில். நம் வழக்கப்படி குடும்பக் கதையை ஆரம்பித்தால் அவருக்குக் கூடுதல் கேள்விகள் முளைக்கும். 2025 அக்டோபர் 12 முதல் குறுகிய கால விசாவில் வருபவர்களின் முகத்தைப் படமெடுத்துக் கைரேகையும் பதியும் புதிய முறை ஐரோப்பிய எல்லைகளில் தொடங்கியது. முத்திரைக்குப் பதிலாக அந்தப் பதிவுதான் கணக்கு. அதனால் முதல் முறை போகிறவர்களுக்கு வரிசை கொஞ்சம் மெதுவாக நகரும். அடுத்த ரயிலை நெருக்கிப் பதிவு செய்துவிடாதீர்கள். படிக்கவோ வேலைக்கோ நீண்ட கால விசாவில் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு கிடையாது. கையில் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். நம்மில் யாருக்கும் அந்தக் கவலை இருக்கப்போவதில்லை.

பெட்டி வரவில்லை என்றால்?

எனக்கு ஒரு தடவை நடந்தது. பெல்ட் நின்றுவிட்டது, நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். விமான நிறுவனத்தின் ஆள், ‘நாளை வந்துவிடும், முகவரி கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பப் பார்த்தார். நான் நகரவில்லை. அந்தக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எழுத்தில் புகார் பதிந்து எண் வாங்கிவிடவேண்டும். வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவது பெரும்பாடு. பெட்டியை இங்கேயே போனில் படமெடுத்து வைத்திருந்தால் ‘கறுப்பு, நடுத்தர அளவு’ என்று திணறவேண்டியதில்லை. சர்வதேச ஒப்பந்தப்படி, பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுதிக் கேட்கவேண்டும். என் பெட்டி மூன்றாம் நாள் வந்தது. அதுவரை அந்த ஒரு செட் உடுப்புதான்.

எவ்வளவு பணம் கையில் வேண்டும்?

200, 300 யூரோ, சின்ன நோட்டுகளாக. ஜெர்மனியில் இன்னும் பல பேக்கரிகளும் சின்ன உணவகங்களும் ரொக்கம்தான் கேட்கும். யுபிஐ பழக்கத்தைத் தேவனஹள்ளி வாசலிலேயே விட்டுவிடுங்கள். இறங்கியதும் எதையாவது வாங்கிச் சில்லறை சேர்த்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையக் கழிவறைக்குக் காசு, சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியை அவிழ்க்க 50 சென்ட் அல்லது ஒரு யூரோ நாணயம். அந்த நாணயம் வண்டியைத் திருப்பி விட்டதும் கிடைத்துவிடும்.

கார்டு விஷயத்தில் பலரும் கோட்டை விடுவார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடித்தான் வரும். வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிடவேண்டும். இதை இங்கேயே செய்யுங்கள். அங்கே போய்ச் செய்யலாம் என்றால் ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும், ரோமிங் போடாவிட்டால் அந்த எண் அங்கே வேலை செய்யாது, அப்புறம் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்பீர்கள்.

சிம் கார்டு?

அங்கே பிரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு உண்டு, அன்றைய களைப்பில் அது வேண்டாத வேலை. ஒரு வாரத்துக்கு இ-சிம் இங்கேயே வாங்கி ஏற்றிவிடுங்கள். உங்கள் பழைய எண்ணில் ரோமிங்கை இயக்கி, டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள், ஓடிபி வரவேண்டுமே.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படி?

பிராங்க்பர்ட் விமான நிலையத்திலேயே இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. முதல் டெர்மினலுக்கு அடியில் உள்ளூர் ரயில் நிலையம். அங்கிருந்து எஸ்8, எஸ்9 வண்டிகள் சுமார் கால் மணியில் நகரத்தின் பெரிய ஸ்டேஷனுக்குப் போய்விடும். வெளியூர் விரைவு வண்டிகளுக்குத் தனி நிலையம், மேம்பாலம் வழியாக நடக்கவேண்டும். உள்ளூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டு கொலோன் வண்டிக்குக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

நம்ம மெட்ரோ மாதிரி டோக்கனைக் காட்டினால் திறக்கும் கதவு எதுவும் இருக்காது. நேரே பிளாட்பாரத்துக்கு நடந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடலாம். ‘டிக்கெட் யாரும் கேட்கவே இல்லையே’ என்று சந்தோஷப்படும் நேரத்தில் சாதாரண உடுப்பில் இருவர் எழுந்து அடையாள அட்டையைக் காட்டுவார்கள். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. தெரியாது, புதிதாக வந்தேன் என்பதெல்லாம் எடுபடாது. மியூனிக் போன்ற ஊர்களில் சில டிக்கெட்டுகளை வாங்கினால் மட்டும் போதாது, பிளாட்பாரத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்தவும் வேண்டும்.

தெருவுக்கு வந்ததும் ஒரு நிமிடம் நில்லுங்கள். வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. நம் கழுத்து முதலில் வலது பக்கம் திரும்பப் பழகியது, ஆபத்து இடது பக்கத்திலிருந்து வரும். நடைபாதையில் வேறு நிறத்தில் பட்டையாக இருப்பது சைக்கிள் பாதை. அதில் பெட்டியை உருட்டினால் முதல் ஜெர்மன் திட்டு அங்கேயே கிடைத்துவிடும். ரோடு காலியாக இருந்தாலும் சிவப்பு விளக்கில் எல்லோரும் சிலை மாதிரி நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறேன். பரவாயில்லையா?

முடிந்தால் தேதியை மாற்றுங்கள். முதல் தடவை நான் இறங்கியது ஞாயிறு. தங்கும் அறைக்குச் சாவி கிடைத்தது, குளித்தேன், பசி. கீழே போனால் தெருவே ஊரடங்கு போட்டமாதிரி. சூப்பர்மார்க்கெட் பூட்டியிருக்கிறது, பக்கத்தில் இன்னொன்று, அதுவும் பூட்டு. யாரோ பெரிய தலைவர் இறந்துவிட்டார் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். நம் ஊரில் அப்படித்தானே கடை அடைப்பார்கள்! ஒரு மணி நேரம் நடந்துவிட்டு அறைக்குத் திரும்பி, அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கைத் தின்று தண்ணீர் குடித்தேன்.

அங்கே எல்லா ஞாயிறும் அப்படித்தான். ஞாயிறு ஓய்வு நாள் என்பதை அவர்கள் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1919-இல் அன்றைய ஜெர்மன் குடியரசின் வைமார் அரசியலமைப்பில் போட்ட வரி இன்றைய சட்டத்திலும் அப்படியே நிற்கிறது. விதிவிலக்கு உண்டு. பெரிய ரயில் நிலையங்கள், விமான நிலையங்களில் உள்ள கடைகள், பெட்ரோல் பங்க் கடைகள் திறந்திருக்கும். பேக்கரிகள் காலையில் சில மணி நேரம் திறக்கும். உணவகங்களும் உண்டு. நான் வந்து இறங்கிய ஸ்டேஷனிலேயே கடை இருந்திருக்கிறது, அதைத் தாண்டித்தான் பெட்டியை உருட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அதிலிருந்து எந்தக் கிழமை இறங்கினாலும் முதல் நாள் சாப்பாடு என் பெட்டியிலேயே இருக்கும். அரைக் கிலோ அவல், புளியோதரைப் பொடி, கொஞ்சம் வேர்க்கடலை. அவலை நனைத்து, பொடியும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தால் அடுப்பே வேண்டாம். வெளியூர் போகும்போதெல்லாம் எங்கள் பாட்டி செய்ததுதான், புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடும் வேலையும் கூடாது. சுவரில் ஆணி அடிப்பது, காலிக் கண்ணாடி பாட்டிலைத் தெருத் தொட்டியில் போடுவது இரண்டுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா?

தாராளமாக. சமையலறைக் குழாயிலிருந்து அப்படியே பிடித்துக் குடிக்கலாம். கடையில் பாட்டில் வாங்கினால்தான் சிக்கல், பாதிக்கு மேல் சோடா. நான் முதல் பாட்டிலை வாங்கி ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டு ஒரே மடக்காகக் குடித்தேன், மூக்கு வழியாக வந்தது. ‘ஸ்டில்’ என்றோ ‘நாட்டுரெல்’ என்றோ இருந்தால் சாதாரணத் தண்ணீர். காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். விலையோடு 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள். சூப்பர்மார்க்கெட் எந்திரத்தில் நுழைத்தால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் காசு. நம் பழைய கோலி சோடாக் கணக்குதான்.

எப்போது தூங்குவது?

ஜெர்மனி நமக்கு மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம். மேற்கே போவது கிழக்கே போவதைவிட உடம்புக்கு எளிது. நாளை நீட்டுவது எளிது, சுருக்குவதுதான் கஷ்டம். அதனால் விமானத்தில் முடிந்த அளவு தூங்கிவிட்டு, அங்கே இருட்டும் வரை விழித்திருக்கப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்குக் கண் சொருகும். அரை மணி அலாரம் வைத்துப் படுங்கள், அதற்கு மேல் தூங்கினால் இரவு போச்சு. சாயங்கால வெளிச்சத்தில் வெளியே நடப்பது உடம்பின் கடிகாரத்தைச் சரியான பக்கம் தள்ளும். ஜூன் மாதத்தில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அது ஒரு வரம். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். அப்போது விளக்கைப் போட்டுக்கொண்டு எட்டு மணி வரை எப்படியாவது தாக்குப்பிடியுங்கள்.

எப்படியும் மறுநாள் மூன்று மணிக்கு விழிப்பு வரும். கோடையென்றால் நமக்கு அது ஆறரை, பால் பாக்கெட் வரும் நேரம். புரண்டுகொண்டே இருக்காமல் எழுந்து காபி போட்டுவிடுங்கள். நாலைந்து நாளில் சரியாகிவிடும்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது… பாத்ரூமில் தண்ணீர்?

இருக்காது. தாள்தான். பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக் போட்டுக்கொள்ளுங்கள், வெளியே போகும்போது ஒரு சின்ன பாட்டில். எல்லோரும் செய்வதுதான், யாரும் சொல்வதில்லை.

போன அன்றே சமைக்கலாமா? தாளித்தால் அலாரம் அடிக்கும் என்கிறார்களே?

அடிக்கும். அங்கே வீடுகளில் படுக்கையறையிலும் நடையிலும் புகை அலாரம் சட்டப்படி இருக்கவேண்டும். கடுகு, மிளகாய் என்று ஆரம்பிக்கும் முன் சமையலறை ஜன்னலைத் திறந்து, அறைக் கதவுகளைச் சாத்துங்கள். மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்தான். மெல்லிய இரண்டு முள் பிளக் அப்படியே போகும். மிக்ஸியின் தடித்த மூன்று முள்ளுக்கு அடாப்டர் வேண்டும், எஸ்.பி. ரோட்டில் விசாரித்து வாங்கிவிடுங்கள்.

உடம்பு சரியில்லை என்றால்?

அவசரத்துக்கு 112, போலீசுக்கு 110, கிளினிக்குகள் மூடிய நேரத்தில் மருத்துவர் வேண்டுமென்றால் 116117. காய்ச்சல் மாத்திரைகூட சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்காது. சிவப்பு ‘ஏ’ எழுத்து போட்ட ‘அப்போத்தேக்கே’ என்ற மருந்துக்கடையில்தான். அதுவும் ஞாயிறன்று முறை வைத்து ஒன்றிரண்டுதான் திறக்கும். தலைவலி, வயிற்றுவலி மாத்திரைகளை இங்கிருந்தே எடுத்துப்போங்கள். ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஐரோப்பாவின் குறுகிய கால விசாவுக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு கட்டாயம் என்பதால் எல்லோரிடமும் அது இருக்கும், ஆனால் அதன் உதவி எண்ணை யாரும் குறித்து வைப்பதில்லை.

அங்கே தமிழ் கேட்குமா?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஈழத்துப் போருக்குத் தப்பிவந்த தமிழர்கள் நாற்பது வருடத்துக்கு மேலாக அங்கே வாழ்கிறார்கள். ஹாம் என்ற ஊரில் காமாட்சி அம்மனுக்கு அவர்கள் கட்டிய கோவிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தென்னாட்டுக் கோபுரத்தோடு நிற்கிறது. பெரிய ஊர்களில் ரயில் நிலையத்தைச் சுற்றி அவர்களுடைய மளிகைக் கடை ஒன்றாவது இருக்கும். கறிவேப்பிலை அங்கே கிடைக்கும், முருங்கைக்காயும் கிடைக்கும், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாள் அப்படி ஒரு கடைக்குள் நுழைந்து ஜெர்மன் மொழியில் எப்படிக் கேட்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, கல்லாவிலிருந்த அக்கா, ‘என்ன தம்பி வேணும்? சொல்லுங்கோ’ என்றார். பொன்னி அரிசி என்று சொல்ல வந்தவனுக்கு ஒரு நொடி பேச்சே வரவில்லை.

இறங்கியதும் வீட்டுக்கு எப்போது போன் பண்ணுவது?

தரை தொட்டதும் விமான நிலைய வைஃபையில் ‘இறங்கியாச்சு’ என்று ஒரு வரி. இல்லாவிட்டால் அம்மா சாப்பிடமாட்டார். நிதானமாகப் பேச, கோடையென்றால் அங்கே மாலை ஆறு மணியைத் தவிருங்கள். அல்சூரில் அப்போது ஒன்பதரை, சீரியல் ஓடும். அம்மா போனை எடுப்பார், ஆனால் பதிலுக்கு ‘ம்’ மட்டும்தான் வரும்.